மாசி வீதியிலிருந்து தொடங்குங்கள்

மதுரையில் கொஞ்ச காலம் தங்கப் போகிறேன், ஊரை நடந்தே பார்க்க ஆசை, எங்கே ஆரம்பிக்கலாம் என்று பினாங்கிலிருந்து யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். கோவிலை இரண்டாவது வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். மாசி வீதியிலிருந்து தொடங்குங்கள்.

சொன்னதும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மதுரைக்குப் போய் மீனாட்சியைப் பார்க்காமல் மாசி வீதியில் என்ன வேலை? சாமி கும்பிட வேண்டுமென்றால் வந்து இறங்கிய அன்றே போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், அது வேறு கதை. நான் சொல்வது ஊரைக் காலால் தெரிந்துகொள்வதைப் பற்றி.

நான் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. கணவர் கண் மருத்துவர். மேற்பயிற்சிக்காக அவர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தபோது, நானும் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடவே வந்தேன். அண்ணா நகரில் வாடகை வீடு. காலையில் கிளம்பினால் அவர் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். எனக்கு ஸ்கூட்டர் ஓட்ட வராது, மதுரைப் போக்குவரத்தைப் பார்த்த பிறகு கற்றுக்கொள்ளும் ஆசையும் போய்விட்டது. அப்புறம் நடக்காமல் என்ன செய்வது?

நான் வெளிநாட்டில் வாழ்கிறேன் என்பது இங்கே என் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஒரு வெள்ளைக்காரர் தெருமுனையில் நின்று திருதிருவென்று விழித்தால் நாலு பேர் உதவிக்கு வருவார்கள். நான் விழித்தால் யாருக்காகவோ காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் பேசினால்தான் "என்னக்கா, சிலோனா?" என்ற கேள்வி வரும். மலேசியா என்று சொன்னால் அவருடைய சித்தப்பா பையன் ஜோகூரில் இருப்பார், பேச்சு நீளும். இதில் லாபம் உண்டு. கைடு வேண்டுமா, சிலை வேண்டுமா என்று யாரும் பின்னாலேயே வர மாட்டார்கள். நஷ்டமும் உண்டு. எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்து எதையும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள். அதனால் வழி கேட்கும்போது முதல் வாக்கியத்திலேயே "நான் வெளியூர், புதுசா வந்திருக்கேன்" என்று சொல்லிவிடுவது நல்லது. வெளியூர் என்றால் போதும். மலேசியா என்பதை ஜவுளிக்கடையில் பேரம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

வேர் தேடி வந்தீர்களா என்று கேட்பவர்களும் உண்டு. எங்கள் தாத்தா கப்பலேறியது சிவகங்கைப் பக்கத்திலிருந்து என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஊரைத் தேடிக்கொண்டு நான் வரவில்லை. இந்த ஊரில் இருக்கிறேன், இதைப் பார்ப்போம் என்றுதான் நடக்கத் தொடங்கினேன்.

சரி, மாசி வீதிக்கு வருவோம். மதுரையின் பழைய ஊர் கோவிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாக விரிகிறது. மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி. அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று நான்கு பக்கங்கள். கோவிலுக்குக் கிழக்கே இருப்பது கீழமாசி வீதி, மேற்கே இருப்பது மேலமாசி வீதி, அவ்வளவுதான் கணக்கு. ஐந்து பெயரும் நான்கு திசையும் மனதில் பதிந்துவிட்டால் பழைய ஊருக்குள் தொலைந்துபோவது கஷ்டம். இன்று நாம் நடக்கும் இந்த அமைப்பு நாயக்கர் காலத்தில் ஒழுங்குபட்டது என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். மாதப் பெயர்கள் அந்தந்த மாதத்துத் திருவிழாக்களால் வந்தவை. மாசி வீதிகள் இவ்வளவு அகலமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தேர் ஓடுவது இவற்றில்தான்.

வெளி வீதி இருக்கும் இடத்தில் ஒருகாலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடிக்கவைத்து, அகழியைத் தூர்த்து, ஊருக்கு வெளியே மூச்சுவிட இடம் கொடுத்தார். அந்த வேலையில் நிலம் அளந்த மாரெட்டின் பெயர் மாரட் வீதியில் இருக்கிறது. வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயர் பெருமாள் மேஸ்திரி வீதியில் இருக்கிறது. கலெக்டருக்கு நன்றியாக ஊரார் நிறுத்திய விளக்குக் கம்பம்தான் விளக்குத்தூண். மேஸ்திரிக்கு முழு வீதி, கலெக்டருக்கு ஒரு கம்பம். எனக்கு இந்தப் பங்கீடு பிடித்திருக்கிறது.

ஏன் மாசி வீதி முதலில் என்றால், அது நடுச்சுற்று. சித்திரை வீதியில் நடந்தால் பக்தர்களும் சுற்றுலா வந்தவர்களும்தான் கண்ணில் படுவார்கள். வெளி வீதியில் பேருந்தும் புகையும். மாசி வீதியில்தான் ஊர்க்காரர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான்கு பக்கமும் நான்கு குணம். ஒரே நாளில் சுற்றி முடிக்கலாம், நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்வதே என் யோசனை. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறவர்களுக்கு அந்த இடங்கள் மட்டும்தான் தெரியும், நடுவில் இருக்கும் ஊர் தெரியாது.

கீழமாசி வீதிக்குக் காலை ஆறரை, ஏழு மணிக்குப் போங்கள். மளிகை மொத்த வியாபாரம் நடக்கிற வீதி. லாரியிலிருந்து மூட்டை இறங்கும். தலையில் சும்மாடு கட்டியவர்கள் "வழி, வழி" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவார்கள். அவர்களுக்கு நின்று வழிவிட வேண்டும், அவர்கள் நமக்காக நிற்க முடியாது. மிளகாய் மண்டிப் பக்கம் தும்மல் வரும், கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். தேர்முட்டியும் இந்த வீதியில்தான், தேர் நிலைக்கு நிற்கும் இடம். முதல்முறை பார்க்கும்போது அந்த உயரத்தில் எதற்குத் தகரம் அடித்திருக்கிறார்கள் என்று புரியாது. உள்ளே நிற்பது தேர் என்று தெரிந்த பிறகு வீதியின் அகலமும் சேர்ந்தே புரியும்.

அப்படியே தெற்கே வந்தால் விளக்குத்தூண். ஜவுளிக்கடைகள் திறக்கப் பத்து மணியாகும். அதற்கு முன்னால் வந்தால்தான் பத்துத்தூண் சந்தைப் பார்க்க முடியும். திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான் என்று எல்லோரும் படித்திருப்போம். மகாலுக்குள் நின்று அதைக் கேட்டால் மனதில் ஏறாது, ஏனென்றால் மிஞ்சிய பகுதியே அவ்வளவு பெரிதாக இருக்கிறது. பத்துத்தூண் சந்தில் நின்றால் ஏறும். குறுகலான சந்து, இரண்டு பக்கமும் ஷட்டர் போட்ட துணிக்கடைகள், தலைக்கு மேலே மின்கம்பிப் பின்னல். அதற்கு நடுவே வரிசையாகக் கருங்கல் தூண்கள். ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன், கடைகளின் மாடியையும் தாண்டும் உயரம். மேலே தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. நான் போன ஒரு காலையில் ஒருவர் தூணில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தூணிலேயே முதுகைச் சாய்த்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு தூணின் காலடியில் யாரோ துணிப் பண்டல்களை இறக்கி வைத்திருந்தார்கள். அரண்மனை இங்கே தொடங்கி மகால் வரைக்கும் விரிந்திருந்தது என்பதை அங்கிருந்து மகாலுக்கு நடந்து பார்த்தால் கால் சொல்லும். பத்து மணிக்கு மேல் போனால் தூண்களைப் பார்க்க நீங்கள் நின்றாலும் கூட்டம் உங்களை நிற்க விடாது.

தெற்குமாசி வீதியை வேகமாகத் தாண்டிவிடலாம். கடை, கடை, மேலும் கடை. வாங்க வேண்டியது இருந்தால் தவிர நிற்க ஒன்றுமில்லை என்பது என் கருத்து, உள்ளூர்க்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

மேலமாசி வீதியில் 251-ஏ எண் கட்டடத்தின் முன் நில்லுங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல் சட்டையையும் நீள வேட்டியையும் விட்டு முழங்கால் வரை கட்டும் வேட்டிக்கு மாறியது இங்கே தங்கியிருந்தபோதுதான். கீழே இப்போது கதர்க்கடை இருக்கிறது. அதே வீதியில் மதனகோபால சுவாமி கோவில். இந்தக் கோவிலுக்குரிய ஒரு மண்டபத்தின் தூண்களை 1912இல் மதுரைக்கு வந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி விலைக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுபோனார். இன்று அவை ஃபிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் மண்டபமாகவே நிற்கின்றன. ஊர் மாறி வாழ்கிறவள் என்பதால் அந்தத் தூண்கள் மேல் எனக்குத் தனிப் பாசம். அவற்றுக்கு விசா புதுப்பிக்கும் தொல்லை இல்லை.

வடக்குமாசி வீதி மற்ற மூன்றையும் விட வீடுகள் கூடுதலாக உள்ள பக்கம். கிருஷ்ணன் கோவில் இருக்கிறது. காலையில் கோலம், மாலையில் திண்ணைப் பேச்சு. நடந்து களைத்த பிறகு முடிக்க ஏற்ற பக்கம்.

கோவலனும் மதுரைக்கு வெளியூர்க்காரன்தான். புகாரிலிருந்து நடந்தே வந்தவன். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு அவன் முதலில் செய்த வேலை ஊரைச் சுற்றிப் பார்த்தது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை அந்த நடையைத்தான் சொல்கிறது. மணி விற்கும் வீதி, பொன் வீதி, துணி வீதி, தானியம் குவித்த வீதி என்று தொழில் தொழிலாகத்தான் அவனும் பார்க்கிறான். வகுப்பில் வருடாவருடம் இதை நடத்தியிருக்கிறேன். இங்கே வந்து தெற்கு ஆவணி மூல வீதியில் வரிசையாக நகைக்கடைகளையும், விளக்குத்தூணில் வரிசையாகத் துணிக்கடைகளையும் பார்த்தபோதுதான் கோவலன் ஏன் அந்த வரிசையில் நடந்தான் என்பது பிடிபட்டது. எழுத்தாணிக்காரத் தெரு, வளையல்காரத் தெரு, பச்சரிசிக்காரத் தெரு என்று தொழில் பெயர்கள் இன்னும் பலகையில் இருக்கின்றன. எழுத்தாணி செய்கிறவர்கள் இல்லாமல் போனாலும் பெயர் போகவில்லை.

இப்போது நடைமுறை விஷயங்கள். முதலாவது திசை. இங்கே வழி சொல்கிறவர்கள் இடது, வலது என்று சொல்வது குறைவு. "நேரா போயி தெக்க திரும்புங்க, ரெண்டாவது சந்துல மேற்க போனா வந்துரும்" என்பார்கள். பினாங்கில் எங்களுக்கு கொம்தார் கோபுரம் எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் என்பதுதான் கணக்கு, தெற்கு வடக்கெல்லாம் வரைபடத்தில் பார்ப்பதோடு சரி. இங்கே அது நடக்காது. ராஜகோபுரங்களை அடையாளம் கண்டுகொள்ளப் பழகுங்கள். தெற்குக் கோபுரம்தான் உயரம், 160 அடிக்கு மேல். வடக்குக் கோபுரம் நெடுங்காலம் முடிக்கப்படாமல் கிடந்ததால் மொட்டைக் கோபுரம் என்றே பெயர். இப்போதும் சுதைச் சிற்பம் மற்ற மூன்றையும் விடக் குறைவு, பார்த்த உடனே தெரிந்துவிடும். கோவிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடங்கள் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. எல்லோரும் மதிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் குறுக்குத் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தால் ஏதாவது ஒரு கோபுரம் தட்டுப்படும்.

கைபேசி வரைபடத்தைப் பெரிய வீதியில் நம்பலாம். சந்துக்குள் நம்பாதீர்கள். அது வழி என்று காட்டும் இடத்தில் ஒரு வீட்டின் கொல்லைக் கதவு இருக்கும். அந்த வீட்டம்மா நம்மை விட நிதானமாக "இப்பிடித்தான் எல்லாரும் வர்றாங்க" என்பார்.

அடுத்தது நிழல். ஜார்ஜ் டவுனில் கடைவீடுகளுக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதை உண்டு. மழையோ வெயிலோ, அதற்குள்ளேயே பாதி ஊரை நடந்துவிடலாம். மதுரையில் அந்தச் சொகுசு கிடையாது. நிழலைக் கணக்குப் போட்டு நடக்க வேண்டும். கீழமாசி, மேலமாசி மாதிரி தெற்கு வடக்காகப் போகும் வீதிகளில் காலையில் கிழக்கு ஓரம் நிழல், மாலையில் மேற்கு ஓரம் நிழல். கிழக்கு மேற்காகப் போகும் வீதிகளில் ஐப்பசியிலிருந்து மாசி வரை தெற்கு ஓரத்தில் நிழல் கிடைக்கும். சித்திரை, வைகாசியில் உச்சிப் பொழுதுக்கு எந்த ஓரத்திலும் நிழல் இல்லை, வீட்டில் இருங்கள். அந்த மாதங்களில் என் நடை காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடிந்துவிடும். மாலையில் ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்துவிட்டது போலத் தெரியும், ஆனால் கல்லும் தாரும் வாங்கி வைத்த சூட்டை அப்போதுதான் திருப்பித் தரத் தொடங்கும். ஆறரைக்கு மேல் கிளம்புங்கள்.

பெரும்பாலான இடங்களில் நடைபாதை என்று நம்புவது சாக்கடை மேல் பாவிய கல்லைத்தான். கால் வைப்பதற்கு முன் ஆடுகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் அதையும் நம்பாமல் ரோட்டு ஓரத்தில் நடப்பது மேல். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும் என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே டூவீலர்கள் இரண்டு திசையிலும் எதிரேதான் வருகின்றன. வீதியைக் கடக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, பூக்கூடையோடோ காய்ப்பையோடோ நிற்கும் வயதான அம்மா ஒருவரின் பக்கத்தில் போய் நின்றுகொள்வது. அவர் கையை நீட்டிக்கொண்டு இறங்கினால் நானும் இறங்குவேன். நடுவில் ஓடக் கூடாது, நிற்கவும் கூடாது. ஒரே வேகத்தில் போனால் வண்டிக்காரர்கள் நம்மைச் சுற்றிப் போய்விடுவார்கள்.

செருப்பு எளிதாகக் கழற்றி மாட்டக் கூடியதாக இருக்கட்டும். லேஸ் வைத்த ஷூ போட்டுக்கொண்டு வந்தால் ஒவ்வொரு கோவில் வாசலிலும் குனிந்து நிமிர்ந்தே பொழுது போய்விடும். பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகள் பையில் இருக்க வேண்டும். இந்திய வங்கிக் கணக்கு இல்லாததால் எல்லோரையும் போல ஸ்கேன் செய்து பணம் அனுப்ப எனக்கு வழியில்லை. டீக்கடையில் ஐந்நூறு ரூபாயை நீட்டினால் டீ ஆறும் வரை சில்லறைக்கு நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டை வீட்டில் பூட்டி வையுங்கள், அதன் நகலும் விசாப் பக்கத்தின் படமும் கைபேசியில் போதும்.

பெண்கள் கேட்கத் தயங்கும் விஷயம் கழிப்பறை. நடைத் திட்டம் போடும்போதே இதையும் சேர்த்துப் போட்டுவிட வேண்டும். விளக்குத்தூண் பக்கம் பெரிய ஜவுளிக்கடைகளின் மேல்மாடியில் இருக்கும், வாங்காவிட்டாலும் யாரும் கேட்பதில்லை. மேற்குப் பக்கத்தில் டவுன்ஹால் ரோட்டு ஓட்டல்கள், அதற்கு அப்பால் ரயில் நிலையம். வடக்குமாசிப் பக்கத்தில்தான் சிக்கல். அங்கே முடிக்கும் நாளில் தண்ணீரை அளவாகக் குடிப்பேன்.

தண்ணீர் என்றதும் ஜிகர்தண்டா ஞாபகம் வரும். விளக்குத்தூணுக்கு வந்தால் அதைக் குடிக்காமல் போகக் கூடாது என்பார்கள். குடியுங்கள், ஆனால் நடை முடிந்த பிறகு. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்கிரீம் என்று அது ஒரு சாப்பாட்டுக்குச் சமம். குடித்துவிட்டு நடந்தால் கால் பின்னும். நடக்கும்போது இளநீர், நீர்மோர், காலையென்றால் கம்மங்கூழ். மாலையில் முள்ளுமுருங்கை வடை போடும் கடையைக் கண்டால் தாண்டிப் போகாதீர்கள். பச்சை நிறத்தில், பூரி போலத் தட்டையாக, மேலே பொடி தூவித் தருவார்கள். பினாங்கில் எங்கும் நான் பார்த்ததில்லை.

மாசி வீதி பழகிய பிறகு உள்ளே வாருங்கள். ஆவணி மூல வீதிகளில் நகைக்கடைப் பக்கம் தவிர மற்றவற்றைக் குறுக்கே கடந்து போனால் போதும் என்று நினைக்கிறேன். ஆனால் கிழக்கே ஏழுகடல் தெருவையும் ராயகோபுரத்தையும் விடக் கூடாது. திருமலை நாயக்கர் தொடங்கி முடிவுறாமல் நின்றுபோன கோபுரம் அது. அடிப்பகுதி மட்டும்தான் இருக்கிறது. கொடிக்கருக்கு வேலைப்பாடு செய்த ஒற்றைக்கல் நிலைத்தூண்களைத் தலையைப் பின்னால் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். முடிந்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று மனதுக்குள் கட்டிக்கொண்டே நடக்கலாம். அதை ஒட்டிப் பாத்திரம், வளையல், விளையாட்டுச் சாமான் என்று கடைகள். எதிரே புதுமண்டபம். தூணுக்குத் தூண் தையல் எந்திரம் ஓடிய இடம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தக் கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு நல்லது. தையல்காரர்களுக்கு எப்படி என்று அவர்களிடம் ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், அரை மணி நேரம் சொல்வார்கள்.

சித்திரை வீதிக்கு வண்டி வராது. மதில் 847 அடி நீளம், 792 அடி அகலம். வெளியே சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கையை வீசி, பயமில்லாமல் நடக்கக் கூடிய ஒரே சுற்று இதுதான். இரவு ஏழரைக்கு மேல் நான் தனியாகவே நடப்பேன். குடும்பம் குடும்பமாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். மூலையில் பூக்காரம்மா மல்லிகைச் சரத்தை விரல் நுனியில் பிடித்து முழங்கை வரை இழுத்து ஒரு முழம் அளப்பார். கடைசியில் விரலைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பிடித்து இன்னும் இரண்டு மொட்டு சேர்த்து நறுக்குவார். அந்த இரண்டு மொட்டுதான் தினமும் வாங்கும் ஆளுக்கு மரியாதை. முகூர்த்த நாளில் விலை கேட்டால் பதில் சொல்வதற்கு முன்பே "இன்னிக்கு முகூர்த்தம் தாயி" என்று சமாதானம் வந்துவிடும். மொட்டாக இருக்கும்போது வாங்குங்கள், தலையில்தான் மலர வேண்டும்.

அதன் பிறகு கோவிலுக்குள் போங்கள். கைபேசிக்கு அனுமதியில்லை, வாசலில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது இன்னும் நல்லது. வெளியே நான்கு பக்கமும் நடந்து பழகிய காலுக்கு ஆடி வீதியில் எந்தக் கோபுரத்தடியில் நிற்கிறோம் என்ற குழப்பம் வராது. எந்த வாசலில் செருப்பை விட்டோம் என்று தேடித் திரியும் கூட்டத்தைப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

வெளி வீதியை முழுக்கச் சுற்ற வேண்டாம். கீழ வெளி வீதியில் தூய மரியன்னை பேராலயத்தைப் பார்க்கலாம், பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் காஜிமார் தெருவையும் கூடலழகர் கோவிலையும் ஒரே காலையில் பார்க்கலாம். மிச்சத்தைப் பேருந்துக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

அண்ணா நகரிலிருந்து பழைய ஊருக்குப் போக வைகையைக் கடந்தாக வேண்டும். நான் குருவிக்காரன் சாலைப் பாலத்தில் இறங்கி, காமராசர் சாலை வழியாகக் கீழவாசலுக்குப் போவேன். அந்தச் சாலையில் வீட்டுக்குள்ளிருந்து வரும் பேச்சு தமிழாக இல்லாவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள், சௌராஷ்டிர மொழி. சுங்கடிச் சேலைக்குப் பெயர் பெற்றவர்கள் அவர்கள்தான். கிழக்கே திரும்பினால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், மதுரையில் பாதி பேர் காலை நடைக்கு வரும் இடம். சிரமமில்லாத நடை, ஆனால் எல்லோரும் வட்டமாக நடந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள், எனக்கு அதில் பெரிய சுவாரசியமில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவு. அணை திறந்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் யானைக்கல் பக்கம் போய்ப் பாருங்கள், ஊரே பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்க்கும்.

சித்திரைத் திருவிழா நாட்களில் ஊர் பார்க்கும் நடையை நிறுத்திவிடுங்கள். தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மை நடத்திக்கொண்டு போகும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வடகரையில் இருப்பவர்கள் தென்கரைக்குப் போக நினைக்கவே வேண்டாம். திருவிழாவைப் பார்க்க வேண்டுமென்றால் முந்தின நாளே ஓர் இடத்தைப் பிடித்து, அங்கேயே இருப்பதுதான் சரி. பிள்ளைகளோடு போகிறவர்கள் சட்டைப் பையில் கைபேசி எண்ணை எழுதி வையுங்கள். பக்கத்தில் பத்தடி தள்ளி நிற்கிறவரிடம் பேசக்கூட அன்றைக்கு சிக்னல் கிடைக்காது.

ஊருக்குள் பழகிய பிறகு வெளியே போக ஆசை வரும். எனக்குப் பிடித்தது கீழக்குயில்குடியில் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், கருப்பசாமி கோவில். பாறையில் வெட்டிய படியில் ஏறினால் தீர்த்தங்கரர் சிற்பங்கள். மேலே நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது, இரண்டு பாட்டில் கொண்டு போங்கள். ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும், அதற்கு மேல் பாறை காலைச் சுடும். தனியாகப் போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். டவுன் பஸ் இருக்கிறது, ஆனால் அடிக்கடி வராது. ஏறும்போதே கண்டக்டரிடம் "திரும்பி எத்தனை மணிக்குண்ணே?" என்று கேட்டு வைத்துக்கொண்டால், கீழே இறங்கிய பிறகு ஆட்டோவுக்கு அலைய வேண்டியதில்லை.